களத்தில் வைத்த சென்சார் நோடு படுத்துக்கொண்டால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மண் ஈரம், காற்றின் வெப்பம், நீர்மட்டம் என்று ஏதாவது ஒன்றை மாதக்கணக்கில் அளப்பதற்காக இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கணினிச் சிப்) போர்டில் நோடு, அதாவது சென்சாரோடு தனியாக ஓடும் சிறு அளவீட்டுக் கருவி, கட்டும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். களத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வரும் நோடுகளில் அதே சில பழுதுகள்தான் மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு புது மாணவரும் அவற்றை முதலிலிருந்து தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசு செலவில்லாத சோதனையை முதலிலும் செலவு வைப்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

கையில் ஒரு மல்டிமீட்டர், டேட்டா போகும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு யுஎஸ்பி கேபிள், ஒழுங்காக ஓடும் இன்னொரு போர்டு, இவை போதும். மின்னழுத்தம் நொடிக்குள் மாறுவதை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் கிடைத்தால் பாதி நேரம் மிச்சம். ஒரே நேரத்தில் இரண்டு பொருளை மாற்றாதீர்கள். கேபிளையும் நிரலையும் சேர்த்து மாற்றி, பழுது போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே பழுது வேறு நோடில் வரும்.

## கணினியில் போர்ட்டே தெரியவில்லை

முதலில் கேபிளை மாற்றுங்கள். போர்டில் விளக்கு எரிகிறது, அதனால் கேபிள் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். சார்ஜ் போடுவதற்கென்றே விற்கும் கேபிள்களில் மின்சாரக் கம்பிகள் இரண்டு மட்டும் இருக்கும். டேட்டா கம்பிகள் இருக்காது.

கேபிள் சரி என்றால் டிரைவர். போர்டில் இருக்கும் யுஎஸ்பி சிப் சிபி2102-ஆ, சிஎச்340-ஆ என்று மேலே உள்ள எழுத்தைப் படித்து, அதற்குரியதைப் போடுங்கள். லினக்ஸில் பொதுவாக டிரைவர் ஏற்கெனவே இருக்கும். போர்ட் தெரிந்தும் அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும். உபுண்டு 22.04-இல் ஒரு தனிச் சிக்கல் உண்டு: பிரெய்ல் திரைகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, சிஎச்340 சிப்பைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும். உங்கள் சொந்தக் கணினி என்றால் அந்தச் சேவையை நீக்கிவிடலாம். பார்வையற்ற மாணவர்களும் பயன்படுத்தும் பொதுக் கணினி என்றால் நீக்கவே வேண்டாம். அந்தச் சிப்புக்கான விதியை மட்டும் முடக்கும்படி கணினி நிர்வாகியிடம் கேளுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையை அளங்கள். ஒன்றிரண்டு ஓம் காட்டினால் உள்ளே ஷார்ட். அந்த போர்டை மறுபடி கணினியில் சொருகாதீர்கள். ஷார்ட் இல்லை, யுஎஸ்பி சிப் மட்டும் செத்திருக்கிறது என்றால், 3.3 வோல்ட்டில் வேலை செய்யும் வெளி யுஎஸ்பி-சீரியல் அடாப்டரை டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) பின்களில் இணைத்து நிரலை ஏற்றலாம். கடையில் வாங்கிய போர்டுக்குச் சிப் மாற்றும் கூலி கட்டுப்படியாகாது. நீங்களே வடிவமைத்து அச்சிட்ட போர்டு என்றால் மட்டும் ஹாட் ஏர் கருவி கையாளத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## போர்ட் தெரிகிறது, நிரல் ஏற மறுக்கிறது

"டைம்ட் அவுட் வெயிட்டிங் ஃபார் பாக்கெட் ஹெடர்" என்று வருகிறதா? போர்டு அனுப்பும் எழுத்துகளைக் காட்டும் சீரியல் மானிட்டர் வேறு ஜன்னலில் திறந்திருந்தால் மூடுங்கள். அப்புறம் "கனெக்டிங்" என்று வரும்போது பூட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்.

பொத்தானை அழுத்தினால் ஏறுகிறது. தானியங்கி ரீசெட் நேரம் தப்புகிறது. சிப்பை ரீசெட் செய்யும் ஈஎன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரையிலான கெப்பாசிட்டர் ஒன்றை வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அழுத்தியும் ஏறவில்லை. போர்டில் இணைத்த எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் போர்டாக முயலுங்கள். வெறும் போர்டில் ஏறினால் குற்றவாளி உங்கள் வயரிங். ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்) 0, 2, 5, 12, 15 ஆகியவற்றின் நிலையைத்தான் சிப் எழும்போது படித்துப் பார்க்கும். அவற்றில் சென்சாரோ ரிலேயோ இருந்தால் வேறு பின்னுக்கு மாற்றுங்கள். 6 முதல் 11 வரை உள்ளே ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகின்றன, அவற்றைத் தொடவே கூடாது.

நிரல் ஏறியது, ஆனால் "ஃபிளாஷ் ரீட் எரர், 1000" என்று சுற்றிச் சுற்றி வருகிறது. ஜிபிஐஓ 12-ஐப் பாருங்கள். சிப் எழும்போது அந்தப் பின் உயர்ந்த நிலையில் இருந்தால் ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் போகும். அதில் புல்-அப், அதாவது பின்னை உயர்ந்த நிலைக்கு இழுத்து வைக்கும் மின்தடை, ஒன்று இருந்தாலே போதும், இது நடக்கும். ஈஃபியூஸ் (சிப்புக்குள் ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய நினைவிடம்) எரித்து இதை நிரந்தரமாகச் சரிசெய்ய முடியும் என்றாலும், எரித்ததைத் திரும்பப் பெற முடியாது. உங்கள் மாட்யூலின் ஃபிளாஷ் எத்தனை வோல்ட் என்று தகவல் தாளில் பார்த்து, அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும். பின்னை மாற்றுவதே நல்லது.

## வைஃபை இணையும் நொடியில் ரீசெட் ஆகிறது

நிரலில் பிழை என்று நினைத்து மாணவர்கள் அதிக நேரம் தொலைப்பது இங்கேதான். கிட்டத்தட்ட எப்போதுமே இது மின்சாரச் சிக்கல். சீரியல் மானிட்டரை 115200 வேகத்தில் திறந்து பாருங்கள். "பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் ட்ரிக்கர்ட்" என்று, அதாவது மின்னழுத்தம் வரம்புக்குக் கீழே விழுந்தது என்று, இருந்தால் சந்தேகமே வேண்டாம். இஎஸ்பி32 வைஃபையில் அனுப்பும்போது 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். குறைந்தது 500 மில்லிஆம்பியர் தரக்கூடிய மின்வழங்கி வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்.

மல்டிமீட்டரில் பார்த்தேன், 3.3 வோல்ட் சரியாக இருக்கிறது என்பார்கள். மல்டிமீட்டர் நொடிக்குச் சில முறை மட்டுமே புதுப்பிக்கும். மின்னழுத்தம் விழுந்து எழும் நேரம் மில்லிநொடிகள். ஆசிலோஸ்கோப்பை 3.3 வோல்ட் பின்னில் வைத்து, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது ட்ரிக்கர் ஆகும்படி அமைத்தால் பள்ளம் கண்ணுக்குத் தெரியும்.

ஆசிலோஸ்கோப் இல்லையா? கேபிளைக் குட்டையான, தடித்த ஒன்றாக மாற்றுங்கள். மெல்லிய கேபிளில் அரை ஆம்பியர் ஓடினாலே குறிப்பிடத்தக்க மின்னழுத்தம் வழியிலேயே தொலைந்துபோகும். கணினியின் யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து, 1 ஆம்பியருக்கு மேல் தரும் நல்ல அடாப்டரில் ஓட்டிப் பாருங்கள். பிரெட்போர்டு வழியாக மின்சாரம் போனால் அதையும் தாண்டி நேராகக் கொடுங்கள். பழைய பிரெட்போர்டின் கிளிப்புகள் தளர்ந்துதான் இருக்கும்.

அடாப்டரில் ஓடுகிறது, பேட்டரியில் ஓடவில்லை. ரெகுலேட்டரைப் பாருங்கள். விலை குறைந்த பல போர்டுகளில் இருப்பது ஏஎம்எஸ்1117. அது 3.3 வோல்ட் தர வேண்டுமானால் உள்ளே வருவது அதைவிடச் சுமார் 1.1 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். ஒற்றை லித்தியம் செல் முழுதாகச் சார்ஜ் ஆனாலே 4.2 வோல்ட்தான். ஆக, பேட்டரி நிறைந்திருக்கும்போதே போர்டு பற்றாக்குறையில் ஓடுகிறது. கொஞ்சம் இறங்கியதும் வைஃபை திறக்கும் நொடியில் விழுகிறது. ஏபி2112கே போன்ற, குறைந்த இழப்புள்ள ரெகுலேட்டருக்கு மாறுங்கள். அது 600 மில்லிஆம்பியர் தரும், 6 வோல்ட்டுக்கு மேல் உள்ளே கொடுக்கக் கூடாது.

எந்த மின்வழங்கியிலும் எப்போதாவது விழுகிறது. 3.3 வோல்ட் பின்னுக்குப் பக்கத்திலேயே 220 முதல் 470 மைக்ரோஃபாரட் வரையிலான எலெக்ட்ரோலிட்டிக் ஒன்றும், அதனுடன் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும் வையுங்கள். ரிலே, சோலனாய்டு வால்வு, பம்ப் ஏதாவது அதே மின்வழங்கியில் இருந்தால் பிரித்துவிடுங்கள். சுருள் உள்ள எதற்கும் குறுக்கே டையோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரவுன்அவுட் கண்காணிப்பையே அணைத்துவிடுங்கள் என்று ஒற்றை வரி நிரல் ஒன்று எங்கும் பகிரப்படுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ரீசெட் நின்றுவிடும், மின்னழுத்தம் விழுவது நிற்காது. குறைந்த மின்னழுத்தத்தில் ஃபிளாஷில் எழுதினால் அங்கே இருப்பது கெட்டுப்போகலாம். உங்களுக்குத் தெரியாமல் அளவீடுகளும் தவறலாம்.

பம்ப் 230 வோல்ட்டில் ஓடுகிறது, அதை இயக்கும்போதுதான் ரீசெட் ஆகிறது என்றால் அந்தப் பக்கம் உங்கள் வேலை இல்லை. ஆசிலோஸ்கோப் புரோபின் கிரவுண்ட் கிளிப் சுவரின் எர்த்தோடு இணைந்தது. அதை மெயின்ஸ் கம்பியில் மாட்டினால் பெரிய விபத்து. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்தையும் ரிலே பக்க வயரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

## நாள்கணக்கில் ஓடிவிட்டு உறைந்துபோகிறது

களத்துக்கு அனுப்பும் முன்பே ஒரு வேலை செய்திருந்தால் இது எளிது: போர்டு எழும் ஒவ்வொரு முறையும் ரீசெட் ஆன காரணத்தையும் நேரத்தையும் எஸ்டி கார்டில் ஒரு வரியாக எழுதுவது. தயாரிப்பாளரின் நிரல் தொகுப்பான இஎஸ்பி-ஐடிஎஃப் இதற்கென்றே ஒரு ஃபங்ஷன் தருகிறது. அந்த வரி இல்லை என்றால், இப்போதே சேர்த்துவிட்டு மறுபடி ஓட விடுங்கள். ஊகத்தில் நேரம் செலவழிப்பதைவிட அது சீக்கிரம் முடியும்.

காரணம் பிரவுன்அவுட் என்றால் மேலே உள்ள தலைப்புக்குப் போங்கள்.

பானிக் (நிரல் பிழையால் சிப் தன்னையே நிறுத்தியது) என்றால் "குரு மெடிட்டேஷன் எரர்" வரியும் அதன்கீழே, நிரல் பிழைக்கு வந்த வழியைச் சொல்லும் பேக்டிரேஸ் முகவரிகளும் சீரியலில் வந்திருக்கும். அவற்றை நிரலின் வரி எண்ணாக மாற்ற, அதே பில்டின் (கம்பைல் செய்த பதிப்பின்) எல்ஃப் கோப்பு வேண்டும். களத்துக்குப் போகும் ஒவ்வொரு பில்டின் எல்ஃப் கோப்பையும் நோடு எண்ணோடு சேமித்து வையுங்கள். தவறிய முகவரி பூஜ்யம் அல்லது அதற்கு மிக அருகில் என்றால், வெறுமையான பாயிண்டர் ஒன்றைத் தொட்டிருக்கிறீர்கள். "ஸ்டாக் கேனரி" என்ற சொல் இருந்தால் அந்த டாஸ்கின் ஸ்டாக்கை (அதற்கு ஒதுக்கிய தற்காலிக நினைவகத்தை) பெரிதாக்குங்கள்.

வாட்ச்டாக் (நிரல் சிக்கிக்கொண்டால் ரீசெட் செய்யும் காவல் கடிகாரம்) என்றால் ஏதோ ஒரு லூப் விட்டுக்கொடுக்காமல் சுற்றுகிறது. சென்சாரிடமிருந்து பதில் வரும்வரை காத்திருக்கும் வரிகளைத் தேடி, எல்லாவற்றுக்கும் கால வரம்பு வையுங்கள்.

ரீசெட்டே ஆகவில்லை, மெதுவாகத் திணறி நிற்கிறது என்றால் நினைவகம். காலியாக உள்ள ஹீப்பின் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகத்தின்) மொத்தத்தையும், அதில் ஒரே துண்டாகக் கிடைக்கும் மிகப் பெரிய அளவையும் மணிக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். மொத்தம் குறைந்துகொண்டே போனால் கசிவு. மொத்தம் அப்படியே இருந்து பெரிய துண்டு மட்டும் சுருங்கினால் நினைவகம் துண்டு துண்டாகிறது. ஆர்டுயினோவில் எழுத்துகளை வைக்கும் ஸ்ட்ரிங் வகையை லூப்புக்குள் ஒட்டி ஒட்டிச் சேர்ப்பதுதான் வழக்கமான காரணம்.

அப்புறம், சுமார் ஏழு வாரம் கழித்து எல்லா நோடுகளும் ஒரே சமயத்தில் நின்றால் வெப்பத்தையோ மழையையோ தேட வேண்டாம். போர்டு எழுந்ததிலிருந்து மில்லிநொடிகளை எண்ணும் ஆர்டுயினோவின் மில்லிஸ் எண்ணி 49 நாள் 17 மணி நேரத்தில் பூஜ்யத்துக்குத் திரும்பும். இப்போதைய நேரம் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டதா என்று ஒப்பிடும் நிரல் அங்கே தவறும். இப்போதையதிலிருந்து முந்தையதைக் கழித்து, வித்தியாசத்தை ஒப்பிட்டால் தவறாது. மைக்ரோநொடிகளை எண்ணும் மைக்ராஸ் 71 நிமிடம் தாண்டியதுமே திரும்பிவிடும். சோதிக்க ஏழு வாரம் காத்திருக்கத் தேவையில்லை: நேரம் தரும் ஃபங்ஷனைச் சுற்றி இன்னொன்று எழுதி, எண்ணி திரும்புவதற்கு ஒரு நிமிடம் முன்னால் தொடங்கும்படி ஒரு பெரிய எண்ணைக் கூட்டிவிடுங்கள்.

இவை எதுவும் இல்லாமல், மழை நாள்களில் மட்டும் உறைகிறது என்றால் பெட்டியைத் திறங்கள். சால்டர் செய்தபோது படிந்த ஃபிளக்ஸ் ஈரத்தில் மின்சாரம் கசியவிடும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, காப்புப் பூச்சு அடியுங்கள். சென்சார் துளைகளிலும் கனெக்டர்களிலும் பூச்சு படக் கூடாது.

## ஐ2சி சென்சார் காணாமல் போகிறது

ஐ2சி என்பது எஸ்டிஏ (தரவு), எஸ்சிஎல் (கடிகாரம்) என்ற இரண்டே கம்பிகளில் பல சென்சார்களை இணைக்கும் முறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. முகவரி ஸ்கேனரை ஓட்டுங்கள். எதுவுமே வரவில்லை என்றால் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டிலும் சும்மா இருக்கும்போது எத்தனை வோல்ட் என்று அளங்கள்.

3.3 வோல்ட் இருந்தால் கம்பி இடம் மாறியிருக்கலாம். எஸ்டிஏவையும் எஸ்சிஎல்லையும் மாற்றிப் பாருங்கள். மிதக்கும் மதிப்பு வந்தால் புல்-அப் இல்லை, 4.7 கிலோஓம் வையுங்கள். 5 வோல்ட் இருந்தால் உடனே கழற்றுங்கள். அந்த மாட்யூல் 5 வோல்ட்டுக்கு இழுக்கிறது, இஎஸ்பி32-இன் பின்கள் அதற்கானவை அல்ல. எஸ்டிஏ பூஜ்யத்திலேயே நின்றால் சென்சார் பாதிப் பரிமாற்றத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எஸ்சிஎல்லில் ஒன்பது துடிப்புகள் கொடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். களத்து நோடுகளில் சென்சாருக்கான மின்சாரத்தை ஒரு மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வழியாகக் கொடுங்கள். நிரலே அதை அணைத்துப் போட முடியும்.

ஒரு சென்சார் தனியாக வேலை செய்து, சேர்த்தால் செய்யவில்லை என்றால் முகவரி மோதல். டிஎஸ்3231 கடிகாரமும் எம்பியு6050 அசைவு சென்சாரும் ஹெக்ஸ் 68-இல்தான் உட்கார்ந்திருக்கும். பின்னதன் ஏடி0 பின்னை உயர்த்தினால் 69-க்குப் போய்விடும். இன்னொன்றும் நடக்கும்: மாட்யூல் ஒவ்வொன்றிலும் அதற்கென்று புல்-அப் இருக்கிறது. 4.7 கிலோஓம் ஐந்து இணையாகச் சேர்ந்தால் 1 கிலோஓமுக்கும் கீழே போய், சிப் கீழே இழுக்க வேண்டிய மின்னோட்டம் 3 மில்லிஆம்பியர் வரம்பைத் தொட்டுவிடும். ஒன்றிரண்டு மாட்யூல்களில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.

நீளமான கம்பியில் ஐ2சி ஓட்டுவதற்கு நான் ஒத்துக்கொள்வதே இல்லை. மொத்த மின்தேக்கம் 400 பிகோஃபாரட்டுக்குள் இருக்க வேண்டும். சில மீட்டர் என்றால், நீண்ட கம்பிக்கு ஏற்ற ஆர்எஸ்485-க்கு மாறுவதுதான் முறை.

## அளவீடு வருகிறது, ஆனால் நம்ப முடியவில்லை

நின்றுபோன நோடு தன் பழுதைத் தானே சொல்லிவிடும். ஓடிக்கொண்டே தப்பான எண் தரும் நோடுதான் ஆய்வைக் கெடுக்கிறது. அந்த எண் வரைபடத்துக்குப் போய், ஆய்வேட்டுக்குப் போய், பிறர் மேற்கோள் காட்டும்வரை யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆகவே எண் கொஞ்சம் விசித்திரமாக இருந்தாலும் இந்தப் பகுதியை முழுக்கச் செய்யுங்கள்.

அடையாளம் தெரிந்த எண்களை முதலில் தேடுங்கள். டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் திடீரென்று சரியாக 85 டிகிரி காட்டினால் அது வெப்பம் இல்லை. மின்சாரம் வந்ததும் சிப்பில் இருக்கும் தொடக்க மதிப்பு. அளந்து முடிப்பதற்குள் படித்துவிட்டீர்கள், அல்லது நடுவில் அதன் மின்சாரம் போய் வந்திருக்கிறது. மைனஸ் 127 என்றால் கம்பி விட்டுப்போயிருக்கிறது. ஏடிசியில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதியில்) 0 அல்லது 4095 அசையாமல் நின்றால் அந்தப் பின்னின் மின்னழுத்தம் வரம்பில் முட்டி நிற்கிறது. இந்த எண்களைச் சராசரிக்குள் விடாதீர்கள். பதிவில் அப்படியே வைத்து, தனிக் குறியிடுங்கள்.

ஈரப்பதம் எப்போதும் பூஜ்யமா? பிஎம்இ280 என்று விற்றது உண்மையில் பிஎம்பி280-ஆக இருக்கலாம். அதில் ஈரப்பதம் அளக்கும் பகுதியே கிடையாது. ஹெக்ஸ் டி0 ரெஜிஸ்டரைப் படியுங்கள்: ஹெக்ஸ் 60 என்றால் பிஎம்இ280, ஹெக்ஸ் 58 என்றால் பிஎம்பி280.

வெப்பம் எப்போதும் சில டிகிரி கூடுதலாகவும் ஈரப்பதம் குறைவாகவும் வருகிறது என்றால், சென்சார் இஎஸ்பி32-க்கோ ரெகுலேட்டருக்கோ பக்கத்தில் இருக்கிறது. போர்டின் சூட்டைத்தான் அது அளக்கிறது. சென்சாரைக் கம்பியில் வெளியே நீட்டி, நிழலும் காற்றும் உள்ள கூண்டில் வையுங்கள். தொடர்ந்து அளக்காமல், தேவைப்படும்போது மட்டும் ஒரு முறை அளக்கும் நிலைக்கு மாற்றுங்கள்.

வைஃபை ஓடும்போது மட்டும் அனலாக் மதிப்பு வராமல் போகிறது என்றால் ஏடிசி2 பின்னில் இணைத்திருக்கிறீர்கள். ஏடிசி1-க்கு, அதாவது 32 முதல் 39 வரை உள்ள பின்களில் ஒன்றுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் ஒரே மின்னழுத்தத்துக்கு ஒவ்வொரு நோடும் வேறு எண் தந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சிப்பின் உள் ஒப்பீட்டு மின்னழுத்தம் பெயரளவுக்கு 1100 மில்லிவோல்ட் என்றாலும் 1000 முதல் 1200 வரை சிப்புக்குச் சிப் மாறுபடும். ஈஃபியூஸில் உள்ள அளவுத்திருத்தத்தைப் பயன்படுத்துங்கள், பல முறை படித்துச் சராசரி எடுங்கள், பின்னில் 0.1 மைக்ரோஃபாரட் வையுங்கள். ஆய்வுக்கட்டுரைக்குப் போகும் எண் என்றால் உள் ஏடிசியையே விட்டுவிட்டு ஏடிஎஸ்1115 போன்ற 16 பிட் வெளி ஏடிசியை வாங்குங்கள். இதில் நான் சமரசம் செய்வதில்லை.

மண் ஈர சென்சார்களில் ஒரு தனி வகைக் கோளாறு. கருப்பு நிறக் கெப்பாசிட்டிவ் பட்டைகளில் சிலவற்றில் டிஎல்சி555 சிப், சிலவற்றில் என்இ555. பின்னது 4.5 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்யும் என்று யாரும் உறுதி தரவில்லை, 3.3 வோல்ட்டில் அது தரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. சிப்பின் எழுத்தைப் பூதக்கண்ணாடியில் படியுங்கள். பட்டையின் வெட்டப்பட்ட ஓரங்கள் நீரை உறிஞ்சுவதால் வாரங்கள் போகப் போக அளவு நகரும். நடுவதற்கு முன்பே ஓரங்களை எப்பாக்ஸியால் மூடுங்கள்.

இத்தனையும் சரி, ஆனாலும் சந்தேகம் தீரவில்லையா? எல்லா நோடுகளையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். களத்துக்குப் போகும் முன் ஒருமுறை, திரும்பி வந்த பின் ஒருமுறை. அந்த இரண்டு பதிவுகள் இருந்தால் நடுவில் உள்ள தரவைக் காப்பாற்ற வழி இருக்கிறது. நோடுகள் தங்களுக்குள் ஒத்துப்போகின்றன, ஆனால் உண்மையான மதிப்போடு ஒத்துப்போகின்றனவா என்பதுதான் கேள்வி என்றால் ஒப்பீட்டுக் கருவி வேண்டும். இந்தியாவில், ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த ஆய்வகத்துக்கு ஒரு நோடையாவது அனுப்புங்கள். செலவு உண்டு. திட்ட முன்மொழிவு எழுதும்போதே அதற்கு ஒரு வரி ஒதுக்கிவிடுங்கள்.

## எஸ்டி கார்டு திறக்கவில்லை, நேரம் தப்பாக இருக்கிறது

கார்டு மாட்யூலில் ரெகுலேட்டர் ஒன்று இருந்தால் அது 5 வோல்ட் எதிர்பார்க்கிறது. அதற்கு 3.3 வோல்ட் கொடுத்தால் கார்டுக்குப் போதாமல் விழும். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் வடிவில் வரும். ஆர்டுயினோவின் வழக்கமான லைப்ரரி அதைப் படிக்காது. 32 ஜிபி அல்லது குறைவானதை வாங்கி ஃபேட்32-இல் வையுங்கள். புதுக் கார்டு எதையும் எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் கொண்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் களத்துக்கு அனுப்ப வேண்டும். போலிக் கொள்ளளவு அதில் தெரிந்துவிடும்.

கெட்டுப்போன கார்டில் மீட்க வேண்டிய தரவு இருந்தால் அதில் மேற்கொண்டு எதையும் எழுதாதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். முழு நகல் ஒன்றை எடுத்து அந்த நகலில் மீட்பு முயற்சி செய்யுங்கள். நகலே எடுக்க முடியவில்லை என்றால் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுப்பதா, அந்தக் காலத் தரவை விட்டுவிடுவதா என்று வழிகாட்டியோடு பேசி முடிவெடுங்கள்.

நேரம் நாளுக்கு நிமிடக் கணக்கில் நகர்ந்தால், ஆழ்ந்த தூக்கத்தில் சிப்பின் உள்ளே இருக்கும், துல்லியம் குறைந்த ஆர்சி கடிகாரத்தை நம்பியிருக்கிறீர்கள். டிஎஸ்3231 வையுங்கள், 0 முதல் 40 டிகிரிக்குள் அது வருடத்துக்குச் சுமார் ஒரு நிமிடம்தான் பிசகும். ஆனால் பரவலாக விற்கும் நீல நிற மாட்யூலில் நாணய செல்லைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கிறது. சார்ஜ் ஆகாத சிஆர்2032 போட்டால் அந்தச் சுற்றின் மின்தடையைக் கழற்றிவிடுங்கள்.

## பேட்டரி கணக்குப்படி நிற்கவில்லை

சிப் தனியாக ஆழ்ந்த தூக்கத்தில் சுமார் 10 மைக்ரோஆம்பியர்தான் குடிக்கும். முழு போர்டு அப்படியில்லை. மின் விளக்கு, யுஎஸ்பி சிப், சும்மா இருக்கும்போதே சுமார் 5 மில்லிஆம்பியர் தின்னும் ஏஎம்எஸ்1117 எல்லாம் விழித்தே இருக்கின்றன. 10 மில்லிஆம்பியர் போனால் 2500 மில்லிஆம்பியர்-மணி செல் 250 மணி நேரத்தில், பத்தே நாளில், தீர்ந்துவிடும். விளக்கைக் கழற்றுங்கள், ரெகுலேட்டரை மாற்றுங்கள், சென்சார்களைத் தூங்கும்போது அணையுங்கள். நீண்ட காலத் திட்டம் என்றால் வெறும் மாட்யூலை வைத்து உங்கள் போர்டை நீங்களே வரையுங்கள்.

அளக்கும்போது ஒரு பொறி: மல்டிமீட்டரின் மைக்ரோஆம்பியர் நிலையில் உள்ளே பெரிய மின்தடை இருக்கும். போர்டு விழித்து வைஃபை திறந்ததும் மின்னழுத்தம் விழுந்து ரீசெட் ஆகிவிடும். நோடில் பழுது என்று நினைப்பீர்கள். மில்லிஆம்பியர் நிலையில் எழவிட்டு, தூங்கிய பிறகு மாற்றுங்கள். கூடத்தில் நார்டிக்கின் பவர் புரொஃபைலர் கிட் 2 இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பை வடிவ லித்தியம் செல் உப்பியிருந்தாலோ, எந்த லித்தியம் செல்லும் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தாலோ, சார்ஜ் போட்டுப் பார்க்கலாமே என்று முயலாதீர்கள். முனைகளை டேப்பால் மூடி, எரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, கூடத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளர் வந்து எடுத்துச்செல்ல வேண்டும்.